கல்லாவுக்கு மேல் ஒட்டிய படம்

மோரிஸ் கடையில் சாமான்களை நாமே தொட்டு எடுக்கலாம் என்ற செய்தி மேல் தோட்டத்துக்கும் கீழ்த் தோட்டத்துக்கும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. எண்பத்து மூன்றாம் வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு, மோரிஸ் தன் மளிகைக் கடையை இரண்டு நாள் மூடி வைத்தான். திறந்தபோது, குறுக்கே கிடந்த நீளப் பலகையைக் காணோம். பெரிய டவுனான சுங்கைப் பட்டாணியில் பார்த்து வந்த மாதிரியே இரும்பு அடுக்குகள் வரிசையாக நின்றன. வாசலில் சிவப்புப் பிளாஸ்டிக் கூடைகள். கதவை ஒட்டிக் கல்லா. கல்லாவில் அவன் மனைவி ஜோசபின்.

பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் கிடந்த சின்ன டவுன் அது. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு சாரி, அந்தப் பக்கம் ஒரு சாரி, அவ்வளவுதான் கடைகள். அதுவரை எந்தக் கடையிலும் சாமானைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் சாமான். இப்போது பெண்கள் வெறுமனே தொட்டுப் பார்க்கவே வந்தார்கள். பவுடர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சோப்பை உறையோடு முகர்ந்தார்கள். இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டு, அதுவும் தொடட்டும் என்று விட்டார்கள். பல நாள் ஒன்றுமே வாங்காமல் சிரித்துக்கொண்டே போவார்கள். ஜோசபினுக்கு அது பிடித்திருந்தது. கடைக்குள் பேச்சும் சிரிப்பும் இருந்தால் பொழுது போவதே தெரியாது.

மூன்றாம் மாதத்தில் அடுக்குகளில் பல் விழுந்தாற்போல் இடைவெளிகள் தெரிந்தன. சவர பிளேடு, சோப்பு, சீப்பு, குழந்தைகளின் மழைத்தொப்பி, நகப்பூச்சு, ஊதுபத்தி. பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் விற்றது விற்றபடி இருக்க, விற்காததும் குறைந்துகொண்டே வந்தது. மோரிஸ் வாய்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் எண்ணுவான். அவனுடைய தங்கை ஜெனவீவ் கல்யாணத்துக்குக் காத்திருந்த இருபத்திரண்டு வயதுப் பெண். அடுக்குகளைத் துடைத்து வரிசைப்படுத்துவது அவள் வேலை. அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லாரையும் நம்பித் தொறந்து வச்சேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றான் மோரிஸ்.

கடைசியில் அவன் ஒரு வட்டக் கண்ணாடி வாங்கி வந்து, கடையின் பின்மூலையில் கூரையை ஒட்டி மாட்டினான். முன்னால் புடைத்த கண்ணாடி. கல்லாவில் உட்கார்ந்து நிமிர்ந்தால் மொத்தக் கடையும் அதற்குள் சுருண்டு தெரியும். மூலையை நெருங்கியவர்களின் கை மட்டும் பூதாகரமாகவும், உடம்பு எலி போல் சிறுத்தும் தெரியும். வாசலும், சாலையும், எதிர்ச் சாரியின் அஞ்சடி நடைபாதையும்கூட அதற்குள் வளைந்து கிடக்கும்.

அந்தக் கண்ணாடியில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், ஜோசபின் ஒரு கையைப் பார்த்தாள். பால் டின் ஒன்றை எடுத்தது. அது கூடைக்குப் போகவில்லை. சேலை மடிப்புக்குள் போனது.

ஒரு நொடி அவள் சும்மா இருந்தாள். அந்த நொடியை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். சும்மாவே இருந்திருக்கலாம். ஆனால், "என்னாங்க" என்று கூப்பிட்டு, கண்ணால் மூலையைக் காட்டிவிட்டாள்.

மேல் தோட்டத்தில் புல் வெட்டும் கூட்டத்தில் வேலை செய்த பிச்சையம்மாள் அது. ஐம்பது வயதிருக்கும். மகனோடும் மருமகளோடும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தாள். அவள் உரக்கப் பேசி அந்த டவுனில் யாரும் கேட்டதில்லை.

மோரிஸ் எதிரில் போய் நின்றதும் அவளே டின்னை எடுத்துக் கல்லா மேல் வைத்தாள்.  முகம் வெளுத்திருந்தது.

"எத்தன நாளா நடக்குது இது?"

"இன்னிக்குத்தான் ஐயா. இந்த ஒண்ணுதான்."

"ஒண்ணா? மூணு மாசமா கடைய மொட்டையடிச்சிட்டு, ஒண்ணாம்லா!"

கடையில் அப்போது ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மாதா கோயிலில் பாட்டுப் பாடும் ரோசம்மாவும் அவர்களில் ஒருத்தி. கையிலிருந்த கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஐயோ, இந்தம்மாவா?" என்றாள். பக்கத்திலிருந்தவள், "போன மாசம் காணாமப் போன அந்தச் சாமானெல்லாம்?" என்றாள். "எல்லாம் இதுதான் போல" என்றது இன்னொரு குரல். யாரும் கேட்காமலே எல்லாக் கணக்கும் அந்த இடத்திலேயே பிச்சையம்மாள் தலையில் இறங்கியது.

"விட்டுடுங்க, சாமான்தான் கெடச்சிருச்சே" என்று ஜோசபின் சொன்னாள். எவ்வளவு மெல்லச் சொன்னாள் என்றால், வாய்விட்டுச் சொன்னோமா, மனசுக்குள் சொன்னோமா என்று பிறகு அவளுக்கே சந்தேகம் வந்தது.

மோரிஸ் போலீசுக்குப் போகவில்லை. ஞானஸ்நானத்துக்கும் பிறந்த நாளுக்கும் எடுக்கும் காமிராவை உள்ளேயிருந்து கொண்டுவந்தான். பிச்சையம்மாளைச் சுவரோரம் நிறுத்தி, பால் டின்னை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "மேல தூக்கிப் புடி" என்றான். அவள் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சம் பளீரென்று அடித்தது. அந்த வெளிச்சத்தில் ரோசம்மா உட்பட எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிச்சையம்மாள் மட்டும் மூடவில்லை.

படத்தைச் சுங்கைப் பட்டாணியில் கொடுத்து, ஒரு முழ உயரத்துக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்தான். கீழே தடித்த சிவப்பு எழுத்தில் 'திருடி' என்றும், மலாயில் 'பென்சூரி' என்றும் எழுதி, கல்லாவுக்கு மேல், ஜோசபினின் இடது தோளுக்குப் பக்கத்தில் ஒட்டினான்.

"போலீசுக்குப் போயிருந்தா அவ பேரே கெட்டிருக்கும். நான் எவ்வளவு தயவு பண்ணியிருக்கேன் பாரு" என்றான். அவன் அதை நம்பியே சொன்னான்.

படத்தில் வெளிச்சம் பட்டதால் கண்மணிகள் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்திருந்தன. கடையில் எந்த அடுக்கோரம் நின்றாலும் அவள் நம்மையே பார்ப்பது போலிருந்தது. சாமானோடு கல்லாவுக்கு வந்தவர்கள் ஜோசபினைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார்கள். அவள் தோளுக்கு மேலே பார்த்தபடியே காசை நீட்டுவார்கள். மிச்சத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

படம் ஒட்டிய நான்காம் நாள், பத்தரை மணி சுமாருக்கு, பிச்சையம்மாள் வந்தாள்.

கடைக்குள் வரவில்லை. எதிர்ச் சாரியில், பல மாதமாகப் பூட்டிக் கிடந்த தையல் கடைக்கு முன்னால், அஞ்சடித் தூணை ஒட்டி நின்றாள். வேலைக்குப் போட்ட முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் அப்படியே இருந்தன. மோரிஸ் கடையைப் பார்த்தபடி நின்றாள். பேசவில்லை, உட்காரவில்லை, தூணில் சாயக்கூட இல்லை. பன்னிரண்டரைக்குப் போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

"வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாம்லா" என்று ஜெனவீவ் கேட்டு வந்து சொன்னாள். "கூட்டத்துல யாரும் அவகூட சேந்து வேல செய்ய மாட்டேன்னுட்டாங்களாம். சோத்து மங்குல கைய வச்சிடுவாளாம்."

மோரிஸ் முதலில் சிரித்தான். பிறகு ஒரு நாள் சாலையைக் கடந்து போய், "என்னாம்மா வேணும்?" என்று கேட்டான். அவள் அவனைத் தாண்டிக் கடையையே பார்த்தாள். அவன் திரும்பி வந்து, வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

ஜோசபினால் அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வாசல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தாலும், நிமிர்ந்தால் வட்டக் கண்ணாடியில் அவள் இருப்பாள், வளைந்த சாலைக்கு அப்பால் ஒரு விரற்கடை உயரத்தில். இடது தோளுக்கு மேல் ஒருத்தி, கண்ணாடிக்குள் ஒருத்தி, எதிரில் ஒருத்தி. ஒரு நாள் காலையிலிருந்தே மழை கொட்டியது. சாலையில் ஈ காக்கை இல்லை. இன்றைக்காவது நிம்மதி என்று ஜோசபின் நிமிர்ந்தபோது, கண்ணாடியில் தூணோரம் உருவம் நின்றது. சட்டென்று வாசலுக்கு எழுந்து போய்ப் பார்த்தாள். தூண்தான் இருந்தது. மழைத்தண்ணீர் அதன்மேல் வழிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து கண்ணாடியைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அன்று முழுக்கக் குனிந்தே இருந்தாள்.

கூட்டம் குறைய ஆரம்பித்தது. தொட்டுப் பார்க்க வந்தவர்கள் முதலில் நின்றார்கள். பிறகு வாங்க வந்தவர்களும் அரை மைல் நடந்து சீனன் கடைக்குப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் லாரியில் அட்டெண்டன்டாகப் போகும் அழகேசனுக்கு வலது கை வீங்கியது. ஏதோ பூச்சி கடித்திருக்க வேண்டும். முழங்கை வரை ஏறி, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுக்கப் போட்டார்கள். நான்காம் நாள் காப்பிக் கடையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி, பத்துப் பேர் முன்னால் அவன் அழுதான்.

"மோரிஸ் அண்ணன் கடையில நான் பிளேடு எடுத்தேன். இந்தக் கையாலதான் எடுத்தேன். அந்தம்மா நிக்கிறது சும்மா இல்ல. என்னமோ செஞ்சுட்டுத்தான் வந்து நிக்குது."

பிச்சையம்மாள் முனியாண்டி மரத்தடியில் எதையோ புதைத்தாள் என்று சாயங்காலத்துக்குள் பேச்சு வந்துவிட்டது. புதைத்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இன்னாரின் மாமியார் பார்த்தார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மோரிஸ் கடைச் சாமானை யார் சும்மா எடுத்தார்களோ, அவர்கள் கை அழுகும் என்பதுதான் பேச்சு. கோயிலுக்குப் போகிறவர்கள் கையால் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, சோப்பு அடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெனவீவ், "அண்ணி" என்று ஒரு மாதிரிக் குரலில் கூப்பிட்டாள்.

உறை போட்ட புதுச் சோப்புகளின் வரிசையில், நடுவே, உறையில்லாத சோப்பு ஒன்று இருந்தது. தேய்ந்து நாக்கு மாதிரி மெலிந்த சோப்பு. அதன்மேல் ஒரு நீளத் தலைமயிர் ஒட்டியிருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை.

"யாரோ வெளையாடுறாங்க" என்று மோரிஸ் அதைச் சாக்கடையில் எறிந்தான்.

மறுநாள் சீப்புகளோடு ஒரு பழைய சீப்பு இருந்தது, பல்லிடுக்கில் எண்ணெய் அழுக்கோடு. அதன் பிறகு தினமும் ஏதாவது வந்தது. பாதி பவுடர் டின். துருவேறிய பிளேடுகள், காகிதத்தில் மடித்துப் பழைய இடத்திலேயே. சப்பிக் கடித்த ரப்பர் மூடியோடு ஒரு பால் புட்டி. வெறும் டின்கள், கழுவித் துடைத்து. மூன்று குச்சி மட்டும் மீந்த ஊதுபத்திக் கட்டு. காணாமல் போன ஒவ்வொன்றும், எந்த இடத்திலிருந்து போனதோ அதே இடத்துக்கு, மனிதர்கள் பயன்படுத்திய மிச்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. யார் வைத்தார்கள் என்று ஒரு முறைகூடத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் எடுத்த கைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கவும் தெரிந்திருந்தது.

ஜோசபினுக்கு அந்த அடுக்குகளுக்கு நடுவில் நடக்கவே கூசியது. எல்லாவற்றிலும் யாருடைய உடம்போ ஒட்டியிருந்தது. வியர்வையின் மணம், எண்ணெயின் மணம், குழந்தை எச்சிலின் மணம். கடையில் ஆள் இல்லாத நேரத்திலும் பத்திருபது பேர் மூச்சை அடக்கி நிற்பது போலிருந்தது.

பிறகு அந்த மஞ்சள் மழைத்தொப்பி வந்தது. உள்பக்கம் நீல நூலில் ஒரு சின்னத் தையல். கிழிந்ததைத் தைத்திருந்தார்கள். ஜோசபினுக்கு அந்தத் தையல் தெரியும். போன மாதம் பூசை முடிந்து மழையில் எல்லாரும் ஒதுங்கி நின்றபோது, ரோசம்மாவின் சின்னப் பிள்ளை அந்தத் தொப்பியைக் கழற்றிக் கழற்றி விளையாடியது. "தொப்பி அழகா இருக்கே" என்று ஜோசபினே கன்னத்தைக் கிள்ளியிருந்தாள். ரோசம்மா, "அவங்க சித்தி பினாங்குல வாங்கினது" என்றாள்.

ஜோசபின் தொப்பியை மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தாள். மோரிஸிடம் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணைக்கு வரிசை போனபோது அவள் முகங்களைப் பார்க்கவில்லை. கூப்பிய கைகளையே பார்த்தாள். வரிசை நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு கையும் கண்ணாடிக்குள் தெரிவது போல் பெருத்துப் பெருத்து வந்தது. அவள் எழுந்து நற்கருணைக்குப் போகாமல் இருந்துவிட்டாள்.

மோரிஸுக்கு வேறு வெறி பிடித்திருந்தது. "ஒருத்தியோட முடியல இது. ஊரே கூட்டு. ஒவ்வொருத்தனையும் படம் புடிச்சு இந்தச் செவுரு பூரா ஒட்டுறேன் பாரு."

"ஒட்டி?" என்றாள் ஜோசபின்.

"ஒட்டி என்னா? தெரியட்டும்."

"வேணாம்லா. அந்த ஒரு படத்தையே என்னால தோள்ல சுமக்க முடியல."

அவன் கேட்கவில்லை. மறுநாள் பத்து மணிக்கே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் காமிராவோடு குந்திக்கொண்டான். பகல் வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே பிச்சையம்மாள் வழக்கம் போல் வந்து நின்றாள். ஜெனவீவ் தேநீர் போடப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். வாங்க வந்த இருவர் போய்விட்டார்கள். ஜோசபின் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். 

கண்ணாடிக்குள் ஒரு கை முளைத்தது. பின்கட்டுப் பக்கத்திலிருந்து, அலங்காரச் சாமான் அடுக்கை நோக்கி, அவசரமில்லாமல் நீண்டது. விரல் நுனியில் ஒரு சின்னக் குப்பி. அந்தக் கையின் வளையலை ஜோசபின் அடையாளம் கண்டு வாயைத் திறப்பதற்குள் வெளிச்சம் பளீரென்று அடித்தது.

மோரிஸ் மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்தான். எதிரில் ஜெனவீவ் நின்றாள். கையில் நகப்பூச்சுக் குப்பி, பாதி காலியாக.

 வெளிச்சத்தில் கூசிய கண்ணை ஜெனவீவ் கசக்கிக்கொண்டாள்.

"அண்ணன் கடைதானேன்னு நெனச்சேன்" என்றாள்.  "கேட்டா திட்டுவீங்கன்னு எடுத்தேன். எனக்கு பயமா இருக்கு அண்ணே. ராத்திரியெல்லாம் கை மரத்துப் போவுது."

மோரிஸ் காமிராவின் முதுகைத் திறந்தான். பிலிமைப் பிடித்து, ஆட்டுக்குடலை உருவுவது போல் நீளமாக உருவினான். அது வெளிச்சத்தில் சுருண்டு அவன் காலடியில் விழுந்தது. பிறகு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். ஜெனவீவ் பின்கட்டுக்கு ஓடினாள்.

ஜோசபின் ஸ்டூல் மேல் ஏறிப் படத்தைக் கிழித்தாள். பசை கெட்டியாக இருந்தது. முகம் முழுதாக வரவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். எடுத்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். கடைவாசல்களில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

இத்தனை நாளில் பிச்சையம்மாள் பக்கத்தில் அவள் போய் நின்றதே இல்லை. போன பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மாளின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஏதோ மந்திரம் என்று ஜோசபின் நினைத்தாள். காது கொடுத்துக் கேட்டாள்.

"ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணுதான். ஒண்ணு."

"அக்கா" என்றாள் ஜோசபின். "படத்த எடுத்துட்டேன்கா."

பிச்சையம்மாள் அந்தத் துண்டுகளைப் பார்த்தாள். "எடுத்தா? பாத்தவங்க கண்ணுலேருந்து எடுப்பியா?"

ஜோசபின் துண்டுகளைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "ஏன்கா தெனம் இங்க வந்து நிக்கிறீங்க? செய்வின வச்சுட்டீங்கன்னு ஊரெல்லாம் பேசுது."

"எனக்கு என்னா செய்வின தெரியும்? வீட்டுல மருமவ அரிசி டின்னப் பூட்டி வைக்கிறா. மவன் மொகத்தப் பாக்க மாட்டேங்கிறான். எல்லாத்தையும் நீதானே எடுத்தே, நீதானேன்னு ஓயாம கேக்குறாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துருச்சும்மா. எடுத்துட்டு மறந்துட்டமோன்னு. கனவுல தொப்பி எடுக்குறேன், சீப்பு எடுக்குறேன்." அவள் கடையைச் சுட்டினாள். "இங்க வந்து நின்னு அந்த எடத்தப் பாத்தாத்தான் நெனவு வருது. பால் டின்னு. ஒண்ணுதான். மடியில காசு இருந்துச்சும்மா. இருந்தும் கை போயிருச்சு. ஏன் போச்சுன்னு இன்னும் எனக்குத் தெரியல."

"மத்ததெல்லாம் திரும்பி வந்துக்கிட்டு இருக்குக்கா. நீங்க எடுக்கலன்னு எனக்குத் தெரியும்."

"எனக்குந்தான் தெரியும். நான் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன். யாரு கைய மூடிக்கிட்டு உள்ள போறாங்க, யாரு வீசிக்கிட்டு வெளிய வராங்கன்னு இங்கேருந்து நல்லாத் தெரியும். பதினேழு பேரு."

அவள் குரலில் கோபம் கிடையாது. பெரட்டில் கங்காணி காலையில் பேர் கூப்பிடுவது போல், மூச்சு விட்டு, மூச்சு விட்டு, ஒவ்வொரு பேராகச் சொல்ல ஆரம்பித்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் ஜோசபின் வாயெடுத்தாள். சொல்லவில்லை. நின்று பதினேழையும் கேட்டாள். டவுனில் பிள்ளைப்பேறு பார்ப்பவளின் பேர் அதில் இருந்தது. கோயில் மணி அடிப்பவரின் பேர் இருந்தது. அன்றைக்குக் கடையில் நின்று, "எல்லாம் இதுதான் போல" என்றவளின் பேரும் இருந்தது. கடைசியாக, "உன் நாத்தனா, அவ வெளியேருந்து வரல, உள்ளேருந்தே வருவா, கண்ணாடியில தெரிஞ்சுச்சு" என்றாள்.

சொல்லி முடித்ததும் பிச்சையம்மாளின் தோள் இறங்கியது. சுமை இறக்கியவள் மாதிரி முதல் தடவையாகத் தூணில் சாய்ந்தாள். "நான் போறேம்மா. சின்ன மவன் சுங்கைப் பட்டாணிக்கு அந்தால தோட்டத்துல இருக்கான். வரச் சொல்லியிருக்கான்."

வெள்ளிக்கிழமை ஒரு சின்ன லாரியில், சுருட்டிய மெத்தை மேல் உட்கார்ந்து அவள் டவுனைக் கடந்து போனாள். கடைப் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று சாயங்காலம் மோரிஸ் கடையில் கூட்டம் பொங்கி வழிந்தது. படம் இல்லை, எதிரில் ஆளும் இல்லை. பெண்கள் கூடை கூடையாக வாங்கினார்கள். சிரிப்பும் பேச்சும் பழையபடி எழுந்தன. ஜோசபின் சாமான்களை வாங்கி வாங்கிப் பையில் போட்டாள். நீட்டிய கைகளின் பேரெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. 

ரோசம்மா கல்லாவுக்கு வந்தாள். "அந்தம்மா போனப்புறந்தான் கடையில வெளிச்சம் வந்த மாதிரி இருக்கு, இல்ல ஜோசபின்? எவ்வளவு திருடிருச்சு, அப்பப்பா!"

"ஒண்ணுக்கா" என்றாள் ஜோசபின்.

"என்னா?"

"அவங்க எடுத்தது ஒரு பால் டின்னு. ஒண்ணே ஒண்ணு. அதையும் இங்கேயே வச்சுட்டுத்தான் போனாங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் மெல்லவும் சொல்லவில்லை. "மத்ததெல்லாம் யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும்கா. அவங்க எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க."

பேச்சு ஒவ்வொரு அடுக்காக நின்று, கடைசியில் கடையே அடங்கியது. ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. ரோசம்மா கூடையைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் இரண்டு பேர். வாசல் வரை வரிசையாகக் கூடைகள் கிடந்தன.

மோரிஸ் பின்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று ஜோசபின் நினைத்தாள். அவன் வந்து ஒவ்வொரு கூடையாக எடுத்து, சாமான்களைப் பழைய இடத்தில் அடுக்க ஆரம்பித்தான்.

அதன் பிறகு சனம் பாதிதான் வந்தது. வந்தவர்களும் ஜோசபின் முன்னால் தலை குனிந்து நின்றார்கள். ஜெனவீவ் பினாங்கில் ஒரு பேக்டரிக்கு வேலைக்குப் போனாள். பிச்சையம்மாள் போன தோட்டத்துக்கு மோரிஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக மோட்டார் சைக்கிளில் போய் வந்தான். என்ன பேசினான், அவள் என்ன சொன்னாள் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு.

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம், அய்யாவு வந்தார். கீழ்த் தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்களுக்குக் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். இன்றைக்கும் இரண்டு தோட்டத்திலும் அவர் பேச்சுத்தான் பேச்சு. கூடை எடுக்கவில்லை. நேராகக் கல்லாவுக்கு வந்து, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீ யாருகிட்டேயும் பேரச் சொல்லலியாமே. நெசமாம்மா?"

"சொல்லல ஐயா."

"சொல்லிடு. என் பேர மட்டுமாவது சொல்லிடு. ரெண்டு தடவ எடுத்தேன். ஒரு தடவ பொடி மட்டை, ஒரு தடவ பேட்டரிக் கட்டை. திருப்பி வைக்கக்கூடத் தைரியம் வரல. அந்தப் பொம்பளய வேலைய விட்டு நிறுத்தச் சொல்லி ஆபீசுல போயிச் சொன்னது நாந்தாம்மா."

ஜோசபின் மனசுக்குள் அந்தப் பதினேழு பேரையும் ஓட்டிப் பார்த்தாள். அய்யாவு பேர் அதில் இல்லை. அவளுக்குச் சட்டென்று அந்தக் கடையும், சாலையும், இரண்டு தோட்டங்களும் ஆழம் தெரியாத கிணறு மாதிரித் தோன்றின.

 அவள் எழுந்து தன் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க ஐயா" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். அவள் பக்கத்திலேயே நின்றாள்.  உள்ளேயிருந்து மோரிஸ் இரண்டு குவளைத் தேநீரோடு வந்து, அவர் முன்னால் ஒன்றை வைத்தான்.